உயர்வுடன் ஓய்வு

கேள்வி: வழிகாட்டும் செயற்கைக்கோள்களுக்கும் பணி ஓய்வு உண்டா?
– வாசகர் ஒருவர், இலுப்பூர்.

பதில்: உண்டு, ஓய்வூதியம்தான் கிடையாது. சமிக்ஞை வந்துசேரும் நேரத்தைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடும் இஸ்ரோவின் நாவிக் அமைப்பில், ஒரு மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே கணக்கு 300 மீட்டர் தவறி, இலுப்பூர்க் கடைத்தெருவில் நிற்பவரை ஊர்க் கண்மாய்க்குள் காட்டிவிடக்கூடும் என்பதால், 2013இல் ஏவப்பட்ட ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, ருபிடியம் அணுவின் அதிர்வைக் கொண்டு நேரம் காட்டும் அதன் மூன்று கடிகாரங்களும் பழுதானதும், வழிகாட்டும் தகுதியை இழந்தது. மாற்றாக 2017இல் புறப்பட்ட 1எச், வெப்பக் கவசம் பிரியாமல் அதற்குள்ளேயே சிறைப்பட, 2018இல் சென்ற 1ஐ பொறுப்பேற்றது. இத்தகைய கோள்களை, எரிபொருள் முற்றும் தீருமுன், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரப் பாதையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி ஒதுக்குவதே முறை என்பதால், ஓய்வு பெறும் நாளில் உயர்வு கிடைக்கும் உத்தியோகம் இது!