பழைய புரொஜெக்டரும் புதிய ஏமாளியும்

தென்னிந்திய டென்ட் கொட்டகையின் சரித்திரமே ஒரு செகண்ட் ஹேண்ட் புரொஜெக்டரில்தான் தொடங்குகிறது. 1905-ல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பப் பார்த்த பிரெஞ்சுக்காரர் டூபாண்டிடம் கருவியையும் படச்சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். ‘வெளிச்சம் எத்தனை லூமென்ஸ்?’ என்று அவர் கேட்டதாகத் தகவல் இல்லை.

நாவலூர் அடுக்ககவாசிக்கு அந்த நிம்மதி கிடையாது. நாலு டிக்கெட், நாலு பாப்கார்ன் கணக்குப் போட்டு மலைத்து, பழைய புரொஜெக்டர் தேடுகிறார். ‘9,000 லூமென்ஸ், 4கே சப்போர்ட்’ என்கிறது விளம்பரம். சப்போர்ட் என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் விழுவது 480பி-யாகவும் இருக்கலாம். கேட்க வேண்டியது நேட்டிவ் ரெசல்யூஷனும், ஆன்சி தரப்படி அளந்த லூமென்ஸும்.

விற்பவர் காபி போட உள்ளே போனதும் மெனுவைத் திறந்து, பல்பு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பார்ப்பது உத்தமம். முழு வெள்ளைப் படம் போட்டால் எல்சிடியின் மஞ்சள் திட்டு தெரியும். முழுக் கறுப்புப் படத்தில் நட்சத்திரம் மின்னினால் அது வானமல்ல, டிஎல்பி சிப்பின் அந்திமக் காலம்.

கேமிங்குக்கும் அதுவே என்றால் இன்புட் லேக்கையும் விசாரிக்க வேண்டும். 100 மில்லிசெகண்ட் தாமதித்தால், கோல் விழுந்த பிறகுதான் கோல்கீப்பர் குதிப்பார்.

வின்சென்ட் அந்தப் பழைய கருவியோடு ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலே கட்டினார். நாவலூர்க்காரர் முதலில் ஹால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை வாங்கட்டும்.