மருமகள் என்னும் மருத்துவமனை

டிமென்ஷியா என்னும் மறதி நோயை நம் நாட்டில் முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் வங்கிக் குமாஸ்தாதான். "கையெழுத்து ஒத்துப்போகலை, அடுத்த தடவை ஆளையே கூட்டிட்டு வாங்க" என்று ஓய்வூதியப் பணத்தை நிறுத்திவைக்கிறாரே, அந்தப் புண்ணியவான். மற்ற எல்லோரும் 'வயசாச்சுல்ல' கட்சி. தெருமுனை டாக்டர் அதைச் சொல்லிச் சத்து மாத்திரை எழுதுகிறார். சித்தப்பா அதைச் சொல்லிப் பரிகாரத் தலம் காட்டுகிறார்.

நோய் முற்றியதும் பாட்டி, "என் சங்கிலியை இவதான் எடுத்துட்டா" என்று மருமகளைக் கைகாட்டுகிறாள். இந்த நோயில் இது அன்றாடக் கூத்து. வைத்த இடத்தை மறந்த மூளை ஒரு திருடரைத் தேடிக்கொள்ளும். எழுபது வருஷமாக அந்தக் கிழவி சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளாத சொந்தபந்தம், இந்த ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் நம்புகிறது. துபாயிலிருந்து மூத்தவர் வீடியோ காலில் விசாரணைக் கமிஷன் நடத்துகிறார்.

ஒருவழியாகப் பெரிய டாக்டரிடம் போய்ச் சேர்ந்தால் அங்கே பரீட்சை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். படத்தைப் பார்த்து ஐங்கோணம் வரைய வேண்டும். பொட்டப்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று பள்ளிக்கூட வாசலையே காட்டாத சமூகம், எண்பதாவது வயதில் அவளைக் கணக்கில் பெயிலாக்கிவிட்டு மூளையைக் குறை சொல்கிறது. படிக்காதவர்களுக்கும் பொருந்தும் சோதனையை 10/66 ஆய்வுக் குழு உருவாக்கி வெகுகாலம் ஆகிறது. சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அவர்கள். நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்ற வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் அது. (பி12 குறைந்தாலும் தைராய்டு கெட்டாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும். பார்ப்பதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆனால் ஸ்கேனுக்குத்தானே முதல் மரியாதை!)

இப்போது ஆராய்ச்சிக்குக் குறைச்சல் இல்லை. 60 தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. குடும்பங்கள் எங்கெங்கே அலைகின்றன என்றுகூடக் கேள்வித்தாளோடு வந்து கேட்கிறார்கள். 'உங்களுக்கு மனஅழுத்தம் உண்டா? அதிகம், ஓரளவு, இல்லை.' மருமகள் டிக் அடித்து முடிப்பதற்குள் பாட்டி கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுகிறாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நாடுகள் டிமென்ஷியாவுக்குத் திட்டம் வகுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு 2017இல் தீர்மானித்து, 2025 என்று கெடு வைத்தது. கெடு வந்தது, டெல்லியிலிருந்து திட்டம் வரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. பார்க்கின்சன் உண்டு, டிமென்ஷியாவுக்கு அதில் பெயரில்லை. 70 தாண்டியவர்களுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடு 2024இல் வந்தது; ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செல்லும். இவர்களுக்கு வேண்டியதோ இரவும் பகலும் கூடவே இருக்க ஓர் ஆள்.

அந்த ஆள்தான் இனாமாகக் கிடைக்கிறாளே! பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். சம்பளம் கிடையாது, விடுப்பு கிடையாது, முதுகுவலிக்கு மாத்திரைகூடக் கைக்காசு. அவளுக்கு அரசு சூட்டிய பட்டம் 'இந்தியக் குடும்பப் பண்பாடு'. மேடைக்கு மேடை அந்தப் பண்பாட்டுக்கு மாலை விழும், பட்ஜெட்டில் ஒரு பைசா விழாது. நோயைக் கண்டுபிடித்தால் செலவு வரும், மருமகளைப் புகழ்ந்தால் செலவே இல்லை என்று கணக்குப் பார்க்கிற அரசு எதற்காக நோயைக் கண்டுபிடிக்கும்?

வீடு தெரியாது என்று மட்டும் அரசு சொல்ல முடியாது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 தாண்டியவர்களின் ஓட்டை வாங்க அதிகாரி, போலீஸ், வீடியோக்காரர் என்று ஒரு படையே வீட்டுக்கு வந்தது. அடுத்த முறை வரும்போது, ஓட்டுப் போட்ட கையோடு பாட்டியைச் சாயங்காலம் வரை அவர்களிடம் விட்டுவிட்டு வெளியே போய்வாருங்கள். குளிப்பாட்டித் துணி மாற்றுவதும் அவர்கள் பொறுப்புதான் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.