நிதிக் கச்சேரியை ஆவணப்படமாக்க எட்டு வழிகள்

நசரத்பேட்டையில் உங்கள் நண்பர்களின் மெல்லிசைக் குழு, ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்காகக் கச்சேரி நடத்துகிறது. டிக்கெட் விற்றாயிற்று, பந்தல் போட்டாயிற்று, கேமரா உங்கள் கையில். வாழ்த்துகள்! பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

1. ட்ரோனில் தொடங்குங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையைக் காட்டுங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் ஓடும் வெளிவட்டச் சாலை அதைக் கடக்கும் இடத்தையும், கன்டெய்னர் லாரிகளையும் காட்டுங்கள். கச்சேரிக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று எவராவது கேட்டால், "ஃபீல்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

2. ஒத்திகைப் பக்கம் போகாதீர்கள். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச நிதிக் கச்சேரி நடந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததற்கே கூட்டம் கைதட்டியது. படமெடுத்தவர்கள் அதை வெட்டாமல் விட்டுவைத்தார்கள். இன்றுவரை ஜனம் அதைத்தான் பேசுகிறது. உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? தபேலாக்காரர் சுத்தியலை எடுத்ததும் டீ குடிக்கக் கிளம்புங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து, சாப்பிடாமல் ஓடிவந்து கீபோர்டில் உட்காருகிறவரையும் பார்க்க வேண்டாம். பார்த்தால் கதை கிடைத்துவிடும்.

3. கேமராவை ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் வையுங்கள். "மிக்சரிலிருந்து தனி லைன் தரட்டுமா அண்ணே?" என்று சவுண்ட் சர்வீஸ் தம்பி கேட்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டு கரகரக்கும், ஜெனரேட்டர் மட்டும் சுத்தமாகப் பதிவாகும்.

4. பொன்னாடைகளை ஒன்றுவிடாமல் எடுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குப் பொதுவாக இரவு 10 மணி வரைதான் அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன. சிறப்பு விருந்தினர் ஒன்பதே முக்கால் வரை பேசினால் பாட்டுக்குக் கால் மணி நேரம் மிஞ்சும். அதில் ஐந்து நிமிடம் நன்றியுரை.

5. பாட்டு தொடங்கியதும் மேடையை மறந்துவிடுங்கள். புல்லாங்குழல் பிட் வரும்போது டிரம்ஸைக் காட்டுங்கள். பாடகி சரணத்தில் உச்சத்தைத் தொடும்போது, கூட்டத்தில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பவரை குளோசப்பில் எடுங்கள்.

6. பாட்டுரிமையைப் பற்றி, படத்தை வெளியிட்ட பிறகு விசாரியுங்கள். 2017-இல் இளையராஜா தரப்பு எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. உங்களுக்கு அனுப்பமாட்டார்கள் என்று நம்புங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அமெச்சூர் குழுக்களுக்கு ஒரு விலக்கு தருகிறது: கேட்பவர்களிடம் காசு வாங்கக் கூடாது, அல்லது மத நிறுவனம் ஒன்றின் நலனுக்காக நடத்த வேண்டும். நீங்கள் டிக்கெட் விற்றதோ ஆபரேஷனுக்காக. படத்தில் பாட்டைச் சேர்க்க வேறு அனுமதி வேண்டும் என்பதையும் மறந்துவிடுங்கள். யூடியூபில் ஒலி பறிபோனால் இலவச பியானோ இசையைப் போடுங்கள். பாடகி வாயசைப்பார், பியானோ கேட்கும்.

7. குழந்தையின் அம்மாவைப் பேட்டி எடுங்கள். "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேளுங்கள். அழவில்லையா? இன்னொரு முறை கேளுங்கள். அழுததும் லென்ஸை நெருக்குங்கள், பிறகு ஆறுதல் சொல்ல நீங்களும் ஃபிரேமுக்குள் வாருங்கள். போஸ்டருக்கு இந்தப் படம்தான்.

8. கணக்கைத் தொடாதீர்கள். அதே நியூயார்க் கச்சேரியில் டிக்கெட் பணம் சீக்கிரமே யுனிசெஃபுக்குப் போய்விட்டது. ஆல்பமும் படமும் ஈட்டியதில் பெரும்பகுதி வரிச் சிக்கலில் வருடக்கணக்கில் முடங்கியது. அதை நடத்திய ஜார்ஜ் ஹாரிசனுக்கே அந்தக் கதி என்றால், நம்மூர்ப் பொருளாளரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? வசூல் எவ்வளவு, பந்தலுக்கும் சவுண்டுக்கும் போனது எவ்வளவு, ஆஸ்பத்திரியில் கட்டியது எவ்வளவு என்று கேட்டால் படத்துக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும். மேடையில் தூக்கிப் பிடித்த பெரிய அட்டைக் காசோலையை ஸ்லோமோஷனில் காட்டி, உங்கள் பெயரைப் போட்டு முடியுங்கள்.

எட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதே என்று பயப்பட வேண்டாம். எதையும் யோசிக்காமல் கேமராவை ஆன் செய்யுங்கள். படம் தானாக இப்படித்தான் வரும்.