தொட்டிக் காரட்டுக்கு எந்த மண்?

கேள்வி: மாடித் தொட்டியில் செம்மண் நிரப்பிக் காரட் விதைத்தேன். பிடுங்கினால் இரண்டு கால், மூன்று காலாக வருகிறதே, விதையின் தோஷமா?

பதில்: விதை நிரபராதி. நேரே கீழிறங்குவதையே ஸ்வபாவமாகக் கொண்ட காரட்டின் இளவேர், வழியில் கல்லோ இறுகிய கட்டியோ குறுக்கிட்டு நுனி சிதைந்துவிட்டால், பாகப்பிரிவினை செய்துகொண்ட குடும்பத்தைப் போலப் பல கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆகையால், ஓரடி ஆழமுள்ள தொட்டியில், சலித்த செம்மண், அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு, நன்கு மக்கிய எரு ஆகிய மூன்றையும் சமபாகமாகச் சேர்த்து, சிறிது மணலும் கலந்து, விரல் தடையின்றி இறங்கும் பதத்தில் நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். அதனால் தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும், கிழங்கு தேறாது. நாற்றுவிட்டுப் பெயர்த்து நடுவதும் வேருக்கு ஆகாது, தொட்டியிலேயே விதையுங்கள்.