செஞ்சியில் ஒரு பனிமரம்

சிக்கிம், பூட்டான் முதலிய இமயச் சாரல்களில் வளர்ந்து, பனிக்காலத்தில் இலையனைத்தையும் உதிர்த்துச் சில மாதங்கள் குளிரில் உறங்கினாலன்றி வசந்தத்தில் செவ்வையாகத் துளிர்க்கமாட்டாத லார்ச் என்னும் ஊசியிலை மரத்தை, சித்திரை வெயிலில் பாறையே பழுக்கக் காயும் செஞ்சியில் குறுமரமாக வளர்த்தே தீருவதென்று சங்கற்பம் செய்துகொண்டு, அதன் நித்திரைக்காகக் குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டைக் காலி செய்யத் துணியும் ரசிக சிகாமணி எவரேனும் இருப்பாரானால், அவருடைய பக்தியை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அவர் சற்றே தலை நிமிர்ந்து அவ்வூர் ராஜகிரிக் கோட்டையைப் பார்ப்பாராயின், காக்கை எச்சத்தில் வந்து, கோட்டை மதிலின் கல்லிடுக்கில் மண்ணும் நீரும் போதாமல் வேர் முறுக்கி, முழ உயரத்திலேயே விருத்தாப்பியக் கோலம் பூண்ட அரசங்கன்று, கத்தரியும் கம்பியுமின்றிக் குறுமரக் கலையைப் பூரணமாகப் பயின்றிருப்பது விளங்கும். வேர் பருத்தால் மதில் பிளக்குமென்று அதை வெட்டியெறிவதே நம் வழக்கம். தூரதேசத்திலிருந்து விலை கொடுத்து வரவழைத்தாலன்றி எந்த மரத்தையும் கலையென்று ஒப்புக்கொள்ள நமக்குச் சம்மதமில்லை.