நள்ளிரவுக்கு மேல் வந்த பாட்டுகள்

சித்திரையில் அம்மன் கோயில் கொடைக்குக் கால் நாட்டிவிட்டால், தாமிரபரணிக் கரை ஊர்களில் பெரியவர்கள் வில்லுப்பாட்டுக்கு யாரைப் பேசியிருக்கிறார்கள் என்று விசாரிப்பார்கள். எண்பதுகளில் மீசை அரும்பிக்கொண்டிருந்த எங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி: கச்சேரி யாரு? கச்சேரி என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. வரிப்பணத்தை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் கரைக்கிறீர்களே என்று வருஷந்தவறாமல் சண்டை பிடிக்கும் தாத்தா ஒருவர் இருந்தார். கச்சேரியன்று பொழுது சாயும்போதே முன்னால் துண்டை விரித்து இடம் பிடிப்பவரும் அவரேதான். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

நோட்டீஸில் இரவு 10 மணி என்று போட்டிருக்கும். பதினொன்றுக்கு முன் தொடங்கியதாக நினைவில்லை. அந்தத் தாமதத்தை யாரும் குறையாகச் சொன்னதுமில்லை, ஏனென்றால் வேன் வந்து நிற்பதிலிருந்தே எங்களுக்குக் கச்சேரிதான். டிரம்ஸை ஒவ்வொரு துண்டாக இறக்கிப் பூட்டுவதும், தபேலாக்காரர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதும், பகலெல்லாம் வெயிலில் கிடந்த கிடாரின் கம்பிகள் இளகிப்போய் அதை வாசிப்பவர் காதைச் சாய்த்து மறுபடி மறுபடி முறுக்கேற்றுவதும், மைக்செட்காரர் ஊதி ஊதி எண்ணுவதும், பாட்டு தொடங்குமுன்னே பாட்டு எப்படி உண்டாகிறது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள். காலடியில் மணல் ஆறத் தொடங்கியிருக்கும், ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சுக்குக்காப்பித் தூக்கு கூட்டத்துக்குள் ஊர்ந்து வரும்.

மேடையில் பெரும்பாலும் ஒரே ஒரு வயலின்தான். ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982-இல் வந்த பிறகு கிடாரிஸ்டுகளுக்கு இளைய நிலா பாட்டின் கிடார்தான் பரீட்சை. அதை வாசிக்கும்போது கூட்டம் மூச்சுவிடாமல் அவர் விரல்களையே பார்க்கும். 1991-இல் ‘தளபதி’ வந்தபோது குழுக்களுக்கு உண்மையான சோதனை வந்தது. சுந்தரி கண்ணால் பாட்டில் அலையலையாக எழும் அத்தனை வயலின்களுக்கு இந்த ஏழெட்டுப் பேர் எங்கே போவார்கள்? வயலின்காரர் மேல்வரியை எடுத்துக்கொள்வார், கீபோர்டுக்காரர் நடுவரிகளை இரண்டு கையிலும் பங்கு போடுவார், புல்லாங்குழல்காரர் தன் பங்கில்லாத இடத்திலும் புகுந்து ஒரு கை கொடுப்பார், மிச்சத்தை நாங்கள் கேட்டு நிரப்பிக்கொள்வோம். ரேடியோவிலும் டேப்பிலும் நூறு தடவை கேட்ட பாட்டல்லவா, இல்லாத வயலின்கள் எங்கள் காதுக்குள் இருந்தன. அவ்வளவு கவனமாக நான் அதற்குப் பிறகு எந்த இசையையும் கேட்டதில்லை.

இரவு நகர நகரப் பாட்டின் குணமும் மாறும். முதலில் சாமி பாட்டு, பிறகு பெரியவர்களுக்காக டி.எம்.எஸ்., சுசீலா, அதன்பின் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பிய இளவட்டங்களுக்காக ஆட்டப் பாட்டுகள். ஒரு மணியைத் தாண்டும்போது பிள்ளைகள் கோரைப்பாயில் சுருண்டுவிடுவார்கள், விசிலடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்போதுதான் பாடகர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, யாரையும் மயக்கவேண்டிய அவசியமில்லாத குரலில், மெதுவான பாட்டுகளை எடுப்பார். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாடிய அந்த மெலடிகளை அந்த நேரத்தில்தான் கேட்கவேண்டும். கொடைக்குக் கொடுத்த வரியெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்கே தகும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்த நேரம் இப்போது சட்டப்படி இல்லை. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நல்ல சட்டம். கூம்புக் குழாய்கள் விடிய விடிய அலறிய நாட்களில் தெருவில் ஒரு நோயாளியும் ஒரு கைக்குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இருந்திருப்பார்கள்தானே. ஆனால் கச்சேரி ஆறரைக்கே தொடங்கவேண்டியிருக்கிறது. தரையிலிருந்து பகல் சூடு இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கும்போது ஆட்டப் பாட்டில் ஆரம்பித்து ஆட்டப் பாட்டிலேயே முடித்துவிடுகிறார்கள். மெதுவான பாட்டுக்கு இரவில் இடம் இல்லாமல் போனது.

வாத்தியங்களும் ஒவ்வொன்றாக இறங்கிப்போயின. அக்கார்டியன் எப்போதோ போனது. 1985-இல் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த ஆக்டோபேட் மெல்ல மெல்ல நம் மேடைகளுக்கும் வந்து டோலக்கையும் தும்பாவையும் விழுங்கியது. இப்போது பல ஊர்களில் ஒரு லேப்டாப், இரண்டு பாடகர்கள், குரல் நீக்கிய டிராக். அசல் பாட்டின் அத்தனை வயலின்களும் பிசகாமல் ஒலிக்கின்றன, விழாக் கமிட்டிக்கும் செலவு மிச்சம். நிரப்பிக்கொள்ளத்தான் எதுவுமில்லை, கேட்பவனுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொரு பக்கம், அன்று கனவிலும் நினைக்காதவை நடக்கின்றன. இசையமைப்பாளர்களே நகரத்து மைதானங்களில் பெரும் குழுவோடு வந்து வாசிக்கிறார்கள். கோடை இரவொன்றில் அப்படி ஒரு கச்சேரிக்குப் போய், வயலின் வில்கள் வரிசையாக ஒரே பக்கம் ஏறி இறங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த இளையராஜா, 2025 மார்ச் 8-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு தன் சிம்பொனியை வாசிக்கக் கேட்டார். திறந்தவெளி மேடையில் தொடங்கிய அந்தப் பயணத்தை எங்கள் ஊர்ப் பையன்களுக்கு நான் சொல்லாத நாளில்லை. இருந்தாலும் அந்த மைதானத்தில் நான் இருந்த இடத்திலிருந்து மேடை விரற்கடை அளவுதான். விரல்களை எல்.ஈ.டி. திரையில்தான் பார்க்க முடிந்தது, அதுவும் எனக்கு முன்னால் தூக்கிப் பிடித்த செல்பேசிகளுக்கு நடுவே.

அந்த வயலின்காரர்களும் குழல்காரர்களும் எங்கும் போய்விடவில்லை. சர்ச் கொயரிலும் கல்யாண வரவேற்பிலும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் இந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன்: டிராக்கே இருக்கட்டும், கூட ஒரு வயலினும் ஒரு புல்லாங்குழலும் வையுங்கள், என் பங்கு வரியோடு அவர்கள் சம்பளத்தையும் நான் தருகிறேன், ஒன்பது மணிக்கு மேல் மெலடி மட்டும்தான் என்று நோட்டீஸிலேயே போடுங்கள். பொருளாளர் எழுதிக்கொண்டார். இளைஞர்கள் பக்கத்திலிருந்து ஒரு பையன், ஒன்பது வேண்டாம், எட்டரைக்கே தொடங்கலாம் என்றான்.