மீட்டர் ஓடுகிற ஒரே ஆட்டோ

பழைய வாகனக் கண்காட்சி நடத்துகிற புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள். மூன்று சக்கரத்தோடும் சில பேர் வருவார்கள் என்று கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் ஒரு மோரிஸ் மைனர் போயிற்று, சல்யூட். ஒரு புல்லட் போயிற்று, அதற்கும் சல்யூட். அடுத்தது நான்.

"ஆட்டோ உள்ள வராதுப்பா. சவாரிய இங்கயே எறக்கி வுட்டுட்டு அந்தாண்ட போய் ஓரங்கட்டு."

பின் சீட்டில் இருந்தது சவாரி இல்லை, என் மச்சான். அந்த மனுஷன் உடனே இறங்கி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "எவ்ளோப்பா ஆச்சு?" என்று கேட்டார். இந்த மாதிரி மச்சான் எல்லார் வீட்டிலும் உண்டு என்பதால் மேலே போகிறேன்.

என்னிடம் இருப்பது பாட்ஷா ஆட்டோ. எந்தப் பாட்ஷா என்று கேட்பவர்கள் தயவுசெய்து அடுத்த பக்கத்தில் இருக்கும் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். மற்றவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரிஜினலா சார்?" இல்லை, நகல். ஆனால் நகல்களில் இது ஒரிஜினல். 1995 பொங்கலுக்குப் படம் வந்தபோது வடசென்னையில் ஒரு ரஜினி மன்றத்துக்காரர், தினம் சவாரி ஓட்டிப் பிழைத்த தன் பஜாஜ் ஆட்டோவையே பாட்ஷா ஆட்டோவாக மாற்றி, மாலை போட்டுத் தியேட்டர் வரைக்கும் ஊர்வலம் விட்டார். பிற்பாடு முருங்கை மரத்தடியில் கோழி அடைகிற கூண்டாகக் கிடந்த அதைத்தான் நான் வாங்கினேன். ஆகவே நான் பார்த்தது நகலைப் புதுப்பிக்கிற வேலை. படத்தில் இருக்கிற மாதிரி ஆக்குவதா, அவர் பண்ணி வைத்திருந்த மாதிரி ஆக்குவதா என்று எனக்கும் டிங்கருக்கும் இன்னும் தீராத சண்டை. இதில் காக்கிச் சட்டை பற்றி முக்கியமான ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பிறகு வருகிறேன்.

பின்பக்கத் தகட்டைத் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கத் தேய்க்க, கீழடிக் குழி மாதிரி அடுக்கடுக்காக வந்தது. மேலடுக்கு 2002, பாபா முத்திரை. சுண்டுவிரல் உதிர்ந்துபோய் ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியிருந்ததால், பின்னால் வருகிற வண்டிகளை மிரட்டுவது போல இருந்தது. அதற்குக் கீழே 1999, படையப்பா. அதற்கும் கீழே 1997, அருணாச்சலத்தின் ருத்திராட்சம். பிறகு ஒரு சைக்கிள். ஆட்டோ முதுகில் சைக்கிள் எதற்கு என்று டிங்கர் தம்பி திகைத்துப்போனார். 1996 தேர்தலில் தமிழ் மாநில காங்கிரசுக்குச் சைக்கிள் சின்னம் என்பதும், அண்ணாமலை படத்தில் ரஜினி சைக்கிளோடு இருக்கிற ஸ்டில்லுக்கு அப்போது திடீர் மவுசு வந்ததும், அதற்கப்புறம் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சைக்கிளைச் சுரண்டினால் அதன் அடியில் முத்துவின் குதிரை வண்டி. ஆக, ஆட்டோ மேல் குதிரை வண்டி, குதிரை வண்டி மேல் சைக்கிள். நாட்டின் போக்குவரத்து வரலாறு என் வண்டியில் மட்டும் தலைகீழாக நடந்திருக்கிறது. 2002-க்கு மேல் ஓர் அடுக்குகூட இல்லை. ஏன் என்பதை, பாபாவை முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மஞ்சள் பெயிண்டுக்கு வந்தால் அது தனிப் புராணம். விசிடியில் ஒரு மஞ்சள், டிவியில் ஒரு மஞ்சள், மெருகேற்றிய புதுப் பிரதியில் இன்னொரு மஞ்சள். பெயிண்டர் மூன்றையும் போனில் பார்த்துவிட்டு, "ஆட்டோ மஞ்சள் சார்" என்றார். பேச்சு முடிந்தது. இடது கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற லீவர் மட்டும் புதுப்பேட்டையில் லேசில் அகப்படவில்லை. கடைசியில் கிடைத்ததும், கடைக்காரர் அதை எடுத்துத் தராமல் கையில் வைத்துக்கொண்டே, "பாட்ஷா ஆட்டோவுக்கா சார்?" என்றார். கேட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கி அங்கிருந்த டயர் மேல் வைத்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அந்த வசனம்தான். ஒன்றுக்கு நூறு என்று வட்டி போடுகிற அந்த வசனம். சொன்னவர் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வண்டியைப் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவைதான் சொல்கிறார்கள். பக்கத்தில் நிற்கிற நான் அத்தனையையும் கேட்டாக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கண்காட்சிக்கு ஐந்நூறு பேர் வந்து ஆளுக்கொரு தடவை சொன்னால், வசனத்தின் சொந்தச் சட்டப்படியே ஐம்பதாயிரம் தடவை. பாதிப் பேருக்கு முதல் தடவை போனில் ரெக்கார்டு ஆகாது. "இன்னொரு வாட்டிண்ணா" என்பார்கள். அது எழுபத்தையாயிரம். சிலர் வாயாலேயே பின்னணி இசை போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வசூலிக்கலாம் என்றிருக்கிறேன். வங்கியில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அந்த நூறு தனி வட்டியா கூட்டு வட்டியா என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார். கூட்டு வட்டி என்றால் இரண்டாவது தடவை பத்தாயிரம், மூன்றாவது தடவை பத்து லட்சம் என்று அவரே கண்காட்சிக் கையேட்டின் பின்னால் எழுதியும் காட்டினார். ஒருவர் விரலைச் சுழற்றுவது எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டு, நான் சொன்னதை நம்பாமல் யூடியூபில் தேடினார். வீடியோ வருவதற்கு முன்னால் விளம்பரம் வந்தது, விளம்பரத்தில் ஒரு சிமென்ட், அது முடிகிற வரைக்கும் தூக்கிய காலைக் கீழே இறக்கவில்லை. அந்தக் கால் இருந்த இடம் என் முன் மட்கார்டு. ஒரு பொடியன் மட்டும் வசனத்தைத் திருப்பிப் போட்டு, நூறு தடவை சொன்னால் ஒரு தடவை சொன்ன மாதிரி என்றான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "மட்கார்டுல கால் வைக்காதீங்க" என்று அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்கு அவன் ஒருவன்தான் சரியான கணக்குச் சொன்னான்.

இவ்வளவு கால்களும் அந்த மோரிஸ் மைனர் மேல் ஏறுமா? ஏறாது. அதைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டியிருந்தார்கள். எனக்குக் கயிறு கேட்டதற்கு, "அதெல்லாம் விண்டேஜுக்கு மட்டும் சார்" என்று பதில்.

இந்த விண்டேஜ் விவகாரத்தில் எனக்குள்ள ஆத்திரம் விளையாட்டு இல்லை. மத்திய அரசு 2021-இல் பழங்கால வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. வயது ஐம்பது தாண்டியிருக்க வேண்டும், அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகளைப் போட்டுக்கொண்டு மிடுக்காகத் திரியலாம். இரண்டு சக்கரத்துக்கு உண்டு, நாலு சக்கரத்துக்கு உண்டு. மூன்று சக்கரம் அந்த விதியிலேயே இல்லை. இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே ஓர் எண் இருப்பதை டெல்லியில் யாரும் கவனிக்கவில்லை போலும். என் ஆட்டோ எண்பது வயது இருந்து சதாபிஷேகம் கொண்டாடினாலும் அது பழைய ஆட்டோ, அவ்வளவுதான். பாட்ஷாவுக்கு விசில், ஆட்டோவுக்கு ஓரங்கட்டு. எஃப்சி தகராறில் மினி லாரியில் ஏற்றிவந்து, கேட்டுக்கு நூறடி முன்னால் இறக்கி, அந்த நூறடியை மட்டும் நான் ராஜா மாதிரி ஓட்டுவதும் இதனால்தான்.

காக்கிச் சட்டை என்றேன் அல்லவா, இருங்கள், அதற்கு முன்னால் மீட்டர். கொடியைத் திருப்பினால் மணியடித்துக்கொண்டு எண் உருளுகிற பழைய மீட்டரைப் பிடித்து, எண்ணெய் போட்டு, ஓட வைத்துவிட்டேன். சென்னை ஆட்டோக்களில் மீட்டர் ஓடுவது இது ஒன்றில்தான். இதுவோ சவாரி போவதில்லை. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணத்தை ஒரு குடும்பத்துக்கு ஆர்வமாக விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, மயிலாப்பூருக்கு எவ்ளோ கேப்பீங்க?" என்றார்.

நேற்று ஒரு போன். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளை என் ஆட்டோவில் வந்து இறங்க வேண்டுமாம். எனக்குப் புல்லரித்தது. வாசலில் ஓரங்கட்டச் சொல்லாத முதல் இடம். காக்கிச் சட்டை உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார்கள். மண்டபத்துக்குள்ளேயே விடுவீர்களா என்றேன். மேடை வரைக்கும் என்றார்கள்.

"ஒரே ஒரு விஷயம்தான் சார். மாப்பிள்ளை விஜய் ஃபேன். 2009-ல வேட்டைக்காரன்ல அவரும் ஆட்டோதான ஓட்டுவாரு? பின்னாடி அந்த ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக்கிறோம். மறுநாள் உரிச்சிக்கலாம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாடகை என்ன எதிர்பார்க்கிறேன் என்று அவர்களே கேட்டுவிட்டார்கள். ஸ்டிக்கரை டிங்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.